ஏழாவது கொத்து

இலங்கைத் தீவில் சிரிப்பு என்பது வைரவநாதன் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகுதான் தொடங்கியது. அதற்கு முன்னர் மக்கள் சும்மா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது நம்முடைய கருத்து அல்ல. வைரவநாதனே சொன்னது. தெமோதரையை நெருங்கிக்கொண்டிருந்த இரவு மெயில் ரயிலில், விடிந்தும் விடியாத நேரத்தில், எதிரே உட்கார்ந்திருந்த பதுளைப் புடவைக்கடை இப்றாஹீம் நானாவிடம், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்க நானா. முன்னாடி சிரிப்பே இல்லைன்னு சொல்லல. இருந்துச்சு. ஆனா ஒழுங்கா இல்லை. ஆளுக்கு ஆள் தோணின நேரத்துல சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குன்னு அதை ஒரு முறைக்குக் கொண்டுவந்தது நான்தான்."

இப்றாஹீம் நானா தொப்பியைக் கழற்றி ஊதி மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். காலமெல்லாம் புடவை விற்றவர். எதிரில் இருப்பவர் எது சொன்னாலும் ஒரே வார்த்தையில் ஆமோதித்துப் பழகிய வாய் அது.

"சரிதான் தம்பி," என்றார்.

போன வாரம் வைரவநாதனைக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ரசிகர் கூட்டத்தின் நடுவே விட்டுவிட்டு வந்தோம். கூட்டம் என்றது அவன் கணக்கு. உள்ளதைச் சொன்னால் ஒரே ஒருவர்; அவரும் டிக்கெட் பரிசோதகர். அவனைக் கண்டதும் "ஏழு… ஏழு…" என்று பாடி, இருமிக் காட்டி, கைகுலுக்கிவிட்டு, பிறகு டிக்கெட்டையும் கேட்டார்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வைரவநாதன், பதுளைக் கடைவீதியில் அரிசிக்கடை வைத்திருக்கும் செல்வநாயகத்தின் தம்பி. தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. கடையில் கொத்துப் படியால் அரிசி அளக்கப் பழகி, ஒரு நாள் கொத்தை வைத்துவிட்டு ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனவன். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கோமாளிப் பாட்டுப் பாடி அரைவயிற்றோடு திரிந்தவனை, தொலைக்காட்சி என்ற புதுப் பெட்டி ஒரே பாட்டில் தூக்கி உட்கார வைத்தது. பட்டி தொட்டியெல்லாம் இப்போது அவன் 'ஆர்மோனியம் வைரவன்'.

பாட்டின் பெயர் 'லாபம் முதலாளி'.

நம் கடைகளில் அரிசி அளக்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். முதல் கொத்தை 'ஒன்று' என்று யாரும் சொல்வதில்லை, 'லாபம்' என்பார்கள். அடுத்தது 'ரெண்டு'. கொத்து சாக்குக்குள் போய் நிறைந்து வரும்வரை அந்த எண்ணையே ராகம் போட்டு இழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாங்குகிறவருக்கும் கணக்குக் காதில் விழும், அளக்கிறவருக்கும் தப்பாது.

வைரவநாதன் அந்த ராகத்தைத்தான் ஆர்மோனியத்தில் ஏற்றினான். முதலில் உட்கார்ந்து வாசிப்பான். பிறகு எழுந்து, வயிற்றில் கட்டிய தலையணையைத் தடவிக்கொண்டு, கட்டைவிரலைக் கொத்துக்குள் விட்டபடி "லாபம்… லாபம்…" என்று ஆரம்பிப்பான். ஏழாவது கொத்து வந்ததும் "ஏழு… ஏழு…" என்று இழுத்து, பெரிய இருமலாக இருமுவான். இருமி முடித்து, பால்குடி மாறாத பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு, "ஒம்பது!" என்பான்.

நாடு விழுந்து விழுந்து சிரித்தது. தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். இருமலுக்கு எதற்கு மொழி?

அப்படிப்பட்டவனுக்குத்தான் அண்ணி சரஸ்வதி தொலைக்காட்சி நிலையத்துக்கே ட்ரங்க் கோல் எடுத்து, "தீபாவளிக்கு வாங்க தம்பி. கட்டாயம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. ஊரில் தனக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடாகிறது என்று வைரவநாதன் எடுத்துக்கொண்டான். மாலை கனமாக இருக்குமே என்று மெல்லிய சட்டையாகப் போட்டு வந்திருந்தான்.

"அது மட்டுமில்ல நானா," என்று முன்னால் சாய்ந்தான். "பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில அண்ணனையே மேடையில ஏத்தப் போறேன். நெஜ முதலாளி, நெஜக் கொத்து. அவரு அளக்க, நான் வாசிக்க. தயாரிப்பாளர்கிட்ட வாக்குக் குடுத்திட்டேன்."

தெமோதரையில் ரயில் நின்று கிளம்பியது. அந்த இடத்தில் பாதை ஒரு பெரிய வட்டம் போட்டு, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகும். வட்டம் முழுவதும் இப்றாஹீம் நானா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்துக்கு அடியில் இருட்டுக்குள் போன பிறகுதான் குரல் வந்தது.

"தம்பி, ஒரு விசயம். ஒங்கட அண்ணன் இப்ப எண்ணுறதில்ல."

"என்னது?"

"வாயத் தொறந்து எண்ணுறதில்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அரிசி வாங்கப் போனேன். ஊமை மாதிரி அளக்கிறார். அந்தப் பாட்டை அந்தக் கடையில மட்டும் பாட வாணாம்."

ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. வைரவநாதன் சிரித்தான்.

"கை நின்னுடும் நானா! ராகமில்லாம அரிசி அளக்க யாரால முடியும்? கடைக்காரன்னா சாகிற வரைக்கும் சாக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு, சாவி குடுத்த பொம்மை மாதிரி லாபம் லாபம்னு கத்திக்கிட்டே இருக்கணும். அதைத்தான் நான் பாட்டுல சொல்றேன். அதுலேர்ந்து தப்பிச்சு வந்தவன் நான். இனி எவன் வந்து கெஞ்சினாலும் ஒரு கொத்து அரிசிக்கு நான் லாபம் சொல்ல மாட்டேன்."

"சரிதான் தம்பி," என்றார் இப்றாஹீம் நானா.

பதுளைக் கடைவீதி காலையிலேயே பிதுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் தீபாவளி. தோட்டங்களில் முன்பணம் கொடுத்திருந்தார்கள். பசறை பஸ்ஸும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸும் வந்து வந்து ஆட்களைக் கொட்டிவிட்டுப் போயின. புடவை, வளையல், பட்டாசு, வாழைக்குலை என்று தெருவே ஒரு குரலாக இரைந்தது.

அண்ணன் கடையிலும் கூட்டம் இருந்தது. சத்தம்தான் இல்லை.

வைரவநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். செல்வநாயகம் கழுத்தில் மப்ளரோடு சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சரிசி அளந்துகொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. ஒரு கொத்து அளந்ததும், ஒரு தகரத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து மற்றத் தகரத்தில் போட்டார். டக். அடுத்த கொத்து. டக்.

கிலோக் கணக்கு வந்து, தராசு தொங்கிக்கொண்டிருந்த காலம்தான். இருந்தாலும் பலகார அரிசியைத் தோட்டத்துச் சனங்கள் கொத்தில்தான் கேட்பார்கள்.

வைரவநாதனுக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: புளியங்கொட்டை! இதைப் பாட்டில் சேர்த்தால் எப்படி இருக்கும்! ஏழாவது கொட்டையை முதலாளி வாயில் போட்டுக்கொள்கிறார்…

இதை நாம் மறைத்துவிடலாம்தான். ஆனால் தோன்றியது தோன்றியதுதான்.

"டேய்! ஆர்மோனியம் வைரவன்டா!" என்று யாரோ கத்தினார்கள். கடை திரும்பியது. பைகளும் குடைகளும் அவனைச் சுற்றிக்கொண்டன. ஒருவர் அவன் கையைப் பிடித்தார், ஒருவர் அவன் வயிற்றில் தட்டிப் பார்த்து, "தலையணை எங்கப்பா?" என்றார். அப்புறம் யாரும் சொல்லாமலே, பத்துப் பதினைந்து தொண்டைகள் "ஏழு… ஏழு…" என்று இழுத்து, ஒன்றாக இருமின.

வைரவநாதன் கைகூப்பி நின்றான். மாலையைத் தவிர எல்லாம் இருந்தது.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் டக் என்று ஒரு புளியங்கொட்டை விழுந்தது.

அண்ணி அவனை உள்ளே கூட்டிப்போனாள். கடைக்குப் பின்னால் சாக்குத் திரைக்கு அப்பால் சின்ன அடுக்களை. தேத்தண்ணீரை ஆற்றிக் கையில் கொடுத்தாள். சரஸ்வதி அதிகம் பேசுகிறவள் அல்ல. பேச வேண்டியதை ஊசியில் கோர்த்துவைத்திருப்பதுபோல வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுப்பாள்.

"மெலிஞ்சிட்டீங்க. இந்தக் குளிருக்கு இப்பிடி ஒரு சட்டையா? மப்ளர் எங்க தம்பி?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

அவன் கொழும்புக்குப் போன வருடம் அண்ணி இரண்டு மப்ளர் பின்னினாள். ஒரே நூல், மரநிறம், சிவப்புக் கரை. ஒன்று அண்ணனுக்கு, இருமலுக்காக. மற்றது அவனுக்கு. பதுளைக் கடைவீதியில் செல்வநாயகத்தைத் தூரத்தில் வைத்தே அடையாளம் சொல்ல அந்தச் சிவப்புக் கரை போதும்.

"வந்து… நிலையத்துல இருக்கு அண்ணி. மேக்கப் அறையில."

பொய் இல்லை. மேக்கப் அறையில்தான் இருந்தது. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காகப் போன கிழமை 'லாபம் முதலாளி'யைப் புதிதாகப் படம் பிடித்தபோது, "தலையணை பழசாப் போச்சு, வேற எதாவது புதுசா வேணும்" என்று தயாரிப்பாளர் சொல்ல, வைரவநாதன் தன் பெட்டியைத் திறந்து அந்த மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். சுற்றியதும் இருமல் தானாக வந்தது. அண்ணனின் இருமல், அச்சாக. படப்பிடிப்பில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

இதுவரை அந்த முதலாளி யாரோ ஒரு முதலாளி. இன்று ராத்திரி எட்டு மணிக்கு அவர் பதுளைச் செல்வநாயகம். படச்சுருள் நிலையத்தில் தயாராக இருக்கிறது. அதை நிறுத்த அவனால் முடியாது.

"இப்றாஹீம் நானா இன்னைக்கு டி.வி.யைக் கடை வாசல்ல வைக்கிறாராம்," என்றாள் அண்ணி. "தெருவே பாக்கப்போகுது. ஒங்க அண்ணனும் பாப்பாரு."

"அண்ணனா? பாக்குறாரா?"

"ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டதில்ல. அங்க நானா கடை ஓரத்துல, தூண் மறைவுல நின்னு பாப்பாரு. பாத்திட்டு வந்து பேசாமச் சாப்பிடுவாரு." அவள் அடுப்பை ஊதினாள். "இப்பவெல்லாம் கடையிலயும் பேசுறதில்ல. அதுக்குத்தான் ஒங்களைக் கூப்பிட்டேன். நீங்க வந்தாப் பேசுவாரோன்னு."

பாராட்டு விழாவுக்கான சட்டை அவனுக்குக் குளிர்ந்தது.

மத்தியானம் கூட்டம் சற்றுக் குறைந்தபோது செல்வநாயகம் உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்தார். "வந்தியா? சாப்பிட்டியா?" என்றார். இரண்டுக்கும் ஒரே தலையாட்டல் போதுமாக இருந்தது. தண்ணீர் குடித்தார். மூச்சு வாங்கியது. அரிசித் தூசி அவர் நெஞ்சில் குடியேறிப் பல காலம்.

வைரவநாதன் பொங்கல் நிகழ்ச்சியைப் பற்றி எப்படி எடுப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் மேடையில் பேசுவதைப்போலவே எடுத்தான்.

"அண்ணே, நம்ம நிகழ்ச்சி பாக்குறீங்களாம்ல? எப்பிடி இருக்கு?"

"நல்லாச் செய்யிற."

"ராகம்?"

"ராகம் பிசகல."

அவ்வளவுதான் என்று நினைத்தான். அண்ணன் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏழாவது கொத்துல நான் இருமினா, அப்புறம் என்ன செய்வேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

வைரவநாதன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்ணே."

"தெரியாமச் செஞ்சிட்டான்னு சரசு சொன்னா," என்றார் செல்வநாயகம். "அதான் கேட்டேன்."

மப்ளரைச் சரிசெய்துகொண்டு கடைக்குப் போய்விட்டார். பொங்கல் நிகழ்ச்சி, சொல்லப்படாமலே அடுக்களையில் கிடந்தது.

ஏழில்தான் இருமல் வரும் என்பது ஒன்றும் மந்திரமில்லை. சாக்கில் ஏழெட்டுத் தடவை கொத்துப் போய் வந்தால் தூசி மூக்குக்கு எழும்பிவிடும். இருமினால் எண்ணிக்கை தப்பலாம். எனவே செல்வநாயகம் இருமல் அடங்கியதும், விட்ட எண்ணையே திருப்பிச் சொல்லி, கொத்தைத் தூக்குமுன் இடக்கையால் ஒரு பிடி அரிசியை அள்ளி வாங்குகிறவர் பையில் போட்டுவிடுவார். தாழ்வாக, வேகமாக, ஒருவருக்கும் தெரியாமல். அளக்கப் பழக்கிய நாளில் தம்பிக்குச் சொன்ன ஒரே பாடம் அது: "தப்பினா நம்ம பக்கம் தப்பக் கூடாது. போடுறது தெரியவும் கூடாது. தெரிஞ்சா அது வேற மாதிரி ஆயிடும்."

பாட்டைக் கட்டிய அன்று வைரவநாதன் அந்தப் பிடியரிசியைப் பற்றி யோசிக்காமல் இல்லை. யோசித்தான். ஒரு முதலாளி இருமுகிறான், பிறகு ஒரு பிடி கூடப் போடுகிறான். இதற்கு யார் சிரிப்பார்கள்? ஆகவே 'ஒம்பது' என்று மாற்றினான். மாற்றிய இடத்தில்தான் நாடு சிரித்தது.

பின்னேரம் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் பெரியாயி வந்து இறங்கினாள். கொழுந்து பறித்துத் தழும்பேறிய விரல்களில் புதுப் பை. செல்வநாயகத்தின் கடையைத் தவிர வேறு கடை வாசலை மிதித்தறியாதவள். வைரவநாதனைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"அடியாத்தே, நம்ம சின்ன மொதலாளி! எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒங்களைப் பாக்காத ஆளே இல்லீங்க. கங்காணி வீட்டுல பேட்டரி போட்டு டி.வி. ஓட்டுறாரு. வெள்ளிக்கெழமைன்னா அங்க நிக்க எடமில்ல. எங்க வீட்டுக்காரரு சோத்துத் தட்டோட போயிடுவாரு!"

"நல்லா இருக்கீங்களா ஆயி?"

"இருக்கேன்யா." அவள் செல்வநாயகத்தின் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "பத்துக் கொத்து பச்சரிசி போடுங்க மொதலாளி. ஆனா கோவிச்சுக்காதீங்க. நீங்க அளங்க. நான் எண்ணிக்கிறேன்."

பின்னால் பைகளோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் ஆயி?" என்றார் செல்வநாயகம்.

"வீட்டுக்காரரு சொல்லி அனுப்பிச்சாருங்க. ஏழுல மட்டும் சூதானமா இருன்னாரு."

பின்னால் நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பெரியாயியும் சிரித்தாள், அவளுக்கு அது பாதி விளையாட்டு, பாதி வீட்டுக்காரருக்குப் பயம். செல்வநாயகம் புளியங்கொட்டைத் தகரங்களை ஒதுக்கி வைத்தார். கொத்தைச் சாக்குக்குள் விட்டு எடுத்து, பலகையால் தலை தட்டி மட்டமாக்கி, அவள் பையில் கவிழ்த்தார்.

"ஒண்ணு!" என்றாள் பெரியாயி.

பண்டிகைக்கு முதல் நாள், முதல் கொத்துக்கு, அந்தக் கடையில் 'ஒண்ணு' என்ற சொல் விழுந்தது. செல்வநாயகத்தின் கண் ஒருமுறை மூடித் திறந்தது. கை நிற்கவில்லை.

"ரெண்டு! மூணு!"

தூசி எழும்பியது. வைரவநாதனுக்குத் தெரிந்தது, வரப்போகிறது என்று. அண்ணன் தோள் இறுகுவதைப் பார்த்தான். அடக்குகிறார். ஆறில் அடக்கினார்.

"ஏழு…"

வந்துவிட்டது. மப்ளரை வாயில் பொத்திக்கொண்டு செல்வநாயகம் இருமினார். நாடே பாடிய இருமல், அதன் சொந்தக்காரரிடமிருந்து வந்தது. கூட்டம் கூரை பிய்ந்துபோகச் சிரித்தது. யாரோ "ஒம்பது!" என்று கத்தினார்கள். அண்ணனால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. நீர் வந்த கண்ணோடு, யாரும் சொல்லாமலே, அவருடைய இடக்கை சாக்குக்குள் தாழ்வாகப் போய் ஒரு பிடி அரிசியை அள்ளியது.

"என்னங்க மொதலாளி," என்றாள் பெரியாயி, "கையை உள்ள விடுறீங்க?"

கை அந்தரத்தில் நின்றது. செல்வநாயகம் அதைப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல. பிறகு விரல்களை விரித்தார். பிடியரிசி சாக்கிலேயே விழுந்தது.

எழுந்து, சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். இருமல் திரைக்கு அப்பால் தொடர்ந்தது. கழுத்திலிருந்து நழுவிய மப்ளர், அரிசிச் சாக்கின் விளிம்பில் தொங்கியது.

கூட்டம் வைரவநாதனைப் பார்த்தது. இனி அவன் முறை என்று நினைத்தது. அண்ணன் தம்பி சேர்ந்து இதை ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம்.

கல்லாப் பெட்டியடியில் நின்ற சரஸ்வதி முன்னால் வந்தாள். கொத்தை எடுத்து அவன் பக்கமாக நீட்டினாள். அவ்வளவுதான்.

அவன் உட்கார்ந்தான்.

"ஆயி, பையைக் குடுங்க. மொதல்லேர்ந்து அளக்கிறேன்." பையிலிருந்ததைச் சாக்கில் கொட்டினான். புளியங்கொட்டைத் தகரங்களை இழுத்து வைத்து, வாயை மூடிக்கொண்டு அளக்கப் பார்த்தான். இரண்டாவது கொத்தில் கொட்டையைப் போட்டானா இல்லையா என்று தெரியவில்லை. கை நின்றுவிட்டது. ரயிலில் அவன் சொன்னது சரிதான். இந்த வேலைக்கு ராகம் வேண்டும். அண்ணன் இத்தனை மாதமும் எப்படித்தான் இதைச் செய்தார்?

மறுபடியும் சாக்கில் கொட்டினான். கொத்தை நிறைத்தான்.

"லாபம்," என்றான். "லாபம்… லாபம்…"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "தொடங்கிட்டாருய்யா!" "கட்டைவிரலைப் பாரு, கட்டைவிரலை!" பெரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ரெண்டு… ரெண்டு…"

கட்டைவிரல் வெளியில் இருந்தது. பலகை கொத்தின் தலையைத் தட்டியது. மூன்று. நான்கு. சிரிப்பு ஓயவில்லை. தன்னுடைய தொழிலில் அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் வைரவநாதனுக்கு முழுதாக விளங்கியது. இனி இந்த ராகத்தை யார் பாடினாலும், எங்கே பாடினாலும், இந்த ஊர் சிரிக்கும். பிழையில்லாமல் பழக்கிவிட்டிருக்கிறான்.

"ஏழு… ஏழு…"

கூட்டம் மூச்சைப் பிடித்தது. எல்லோர் தொண்டையிலும் இருமல் தயாராக நின்றது.

கொத்தைக் கவிழ்த்தான்.

"எட்டு… எட்டு…"

ஒருவர் இருமிப் பார்த்தார். துணைக்கு ஆள் வரவில்லை. "ஒம்பது" வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள், பழக்கத்தில். "பத்து" என்று முடித்து, பையைக் கட்டப்போகுமுன், வைரவநாதன் இடக்கையால் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டான். அண்ணனைப் போல மறைவாகப் போடத் தெரியவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

"இது என்னத்துக்கு சின்ன மொதலாளி?"

"கடை வழக்கம் ஆயி."

"இப்பிடி ஒரு வழக்கம் நான் கண்டதில்லையே!"

"நீங்க காணக் கூடாதுன்னுதான் ஆயி. அண்ணன் இருமினப்பவெல்லாம் போட்டாரு."

பெரியாயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு வருகிற இடம் எங்கே என்று. அவன் கண்ணைச் சிமிட்டவில்லை. சற்றுக் காத்திருந்துவிட்டு, சிரிக்காவிட்டால் மரியாதை இல்லை என்று, அவள் கொஞ்சமாகச் சிரித்து வைத்தாள். போகும்போது சாக்குத் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எதை நினைத்துப் பார்த்தாளோ.

"டி.வி.ல நல்லாச் செய்யிறான். நேர்ல அவ்வளவு இல்ல," என்று ஒருவர் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

திரைக்கு அப்பாலிருந்து, இருமலுக்கு நடுவே, ஒரு குரல் வந்தது.

"நாலாவது கொத்துல தலை சரியாத் தட்டல."

சரஸ்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுவதும் அந்தக் கடையில் அண்ணன் உரத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"இனித் தட்டுறேன்ணே," என்றான் வைரவநாதன்.

பொழுது சாய்ந்தது. எதிர்ப்பக்கம் புடவைக்கடை வாசலில் ஆட்கள் மேசை போட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து வைத்தார்கள். கூரையில் ஏறி ஒருவர் ஏரியலைத் திருப்ப, கீழே இருந்தவர்கள் "இன்னும்… இன்னும்… ஆ, போதும்!" என்று கத்தினார்கள். அரிசி வாங்க வந்தவர்கள் பாதிப்பேர் பைகளோடு அங்கே இடம்பிடிக்கப் போனார்கள்.

இப்றாஹீம் நானா தெருவைக் கடந்து வந்தார். வைரவநாதன் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவன் கழுத்தில், குளிருக்கு, அண்ணனின் சிவப்புக் கரை மப்ளர் இருந்தது. அதையும் பார்த்தார்.

"தம்பி, நேரமாச்சு. பொட்டியைப் போடட்டுமா?"

"போடாதீங்கன்னா போடாம இருப்பீங்களா நானா?"

"நான் போடாட்டி அடுத்த கடையில போடுவாங்க. இன்னைக்குப் பதுளை முழுக்கப் போடுவாங்க."

வைரவநாதன் தலையாட்டினான்.

"சரிதான் நானா," என்றான்.

இப்றாஹீம் நானா உடனே போகவில்லை. மடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். "எங்கட வீட்டுக்கும் கொஞ்சம் அளங்க. அவசரமில்ல."

தெருவில் பெட்டி உயிர்பெற்றது. முன்னிசை கேட்டது. உள்ளே சாக்குத் திரை அசைந்தது. செருப்பை மாட்டுகிற ஓசை. வழக்கமான தூணுக்குத்தான், வழக்கமான நேரத்துக்கு, அண்ணன் கிளம்புகிறார்.

வைரவநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. கொத்தைச் சாக்குக்குள் ஆழமாக விட்டு எடுத்தான். பலகையால் தலையைத் தட்டினான், சரியாக.

"லாபம்," என்றான் மெல்ல. "லாபம்… லாபம்…"